பிரஷ் நுனியை நாக்கில் வைக்காதீர்கள்!

புரட்டாசி நெருங்கிவிட்டால் போதும், பரண் மேல் தூங்குகிற கொலுப் பெட்டி கீழே இறங்கிவிடும். பழைய பேப்பரைப் பிரித்துப் பார்த்தால் செட்டியாருக்கு மூக்கு உதிர்ந்திருக்கும். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரருக்கு நிறம் போயிருக்கும். போலீஸ் பேண்டு செட்டில் பாதிப் பேருக்குத் தொப்பியே இருக்காது!

"புதுசு வாங்குற விலையிலயா இருக்கு? நாமளே ஒரு கோட்டிங் குடுத்துருவோம்" என்று நாலு சின்ன டப்பா பெயின்ட், ரெண்டு பிரஷ், ஒரு உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவீர்கள். குழந்தைகளும் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். நல்ல காரியம். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் டப்பா மூடியைத் திறப்பதற்கு முன், என் டிராயிங் வாத்தியாரின் கதையை ஒரு பத்து நிமிடம் கேட்டுவிடுங்கள்.

வயிற்று வலியோடு வந்த வாத்தியார்

போன வருஷம் ஆடி மாதம். அருப்புக்கோட்டையில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு வாத்தியார் வந்தார். வயது 76. திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். 1982-ல் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எனக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தவர்.

"என்னடா டாக்டரு, வயித்தைப் பிடிச்சு முறுக்குது. வெளிக்கிப் போயி நாலு நாளாச்சு. வாயெல்லாம் ஒரு மாதிரி தகர ருசி. சோறு இறங்கல."

நாடி பிடித்தேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். கண் வெளுத்திருந்தது. வயதானவர், மனைவி இறந்து மூன்று வருஷம், சாப்பாட்டில் அக்கறை இல்லை... குன்மம், வாயு, கூடவே சோகை என்று முடிவு கட்டினேன். அதற்குரிய மருந்து கொடுத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். வலி குறைவது போலத் தெரியும், மறுபடி வரும்.

மூன்றாவது வாரக் கடைசியில் அவர் மகள் போன் செய்தார். "அண்ணே, அப்பாவால எந்திரிக்க முடியல. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

போனேன். போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

திண்ணையில் நின்ற இரண்டு படைகள்

ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. திண்ணையில் ஒரு பழைய பள்ளிக்கூட மேஜை. அதன்மேல் ஒரு பக்கம் அய்யனாரும் அவர் பரிவாரமும். நம் பக்கம் கண்மாய்க் கரைக் கோயில்களில் மண் குதிரை பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே மாதிரி, கைக்கு அடக்கமாக.

இன்னொரு பக்கம்தான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய்கள். 28 மில்லிமீட்டர் இருக்கும். நூற்றுக்கு மேல்! தொளதொள கால்சட்டை, இறகு செருகிய அகலத் தொப்பி, ஆளைவிட இரண்டு மூன்று மடங்கு நீள ஈட்டி.

"மகன் ஜெர்மனியிலருந்து அனுப்புனான். அங்க பழைய சாமான் சந்தையில கெடச்சுதாம். கூலிப்படைடா! பேப்பர்ல வருதே, அந்தக் கூலிப்படை இல்ல. இது ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின அசல் கூலிப்படை" என்று படுத்தபடியே சிரித்தார்.

அவர் சொன்ன கதை இது. 1480-களில் ஜெர்மனியில் மாக்ஸிமிலியன் என்கிற அரசர் சம்பளத்துக்கு ஆள் எடுத்துத் திரட்டிய காலாட்படை. லாண்ட்ஸ்க்நெக்ட் என்று பெயர். சாதாரண வீரனுக்கு மாதம் நாலு கில்டர் சம்பளம். முன்வரிசையில் நின்று உயிரைப் பணயம் வைப்பவனுக்கு இரட்டைச் சம்பளம். 1525-ல் பாவியா போரில் பிரான்ஸ் அரசரையே சிறைப்பிடித்த வெற்றியில் இவர்களுக்குப் பங்கு உண்டு. இரண்டே வருஷத்தில், 1527-ல், சம்பள பாக்கி வராத கோபத்தில் மற்றப் படைகளோடு சேர்ந்து ரோம் நகரத்தையே சூறையாடிவிட்டார்கள்! "அதே நூற்றாண்டுலதான் நம்ம மதுரையில நாயக்கர் ஆட்சி வந்து 72 பாளையம் பிரிஞ்சுது. கொலுவுல ஒரு படியில அய்யனார் படை, அடுத்த படியில பாளையக்காரர் படை, மூணாவது படியில இவுக. பாக்குறவங்க அசந்துபோவாங்கல்ல?"

வெளிநாடுகளில் இப்படிக் குட்டிச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டி, மேஜை மேல் பழைய போர்களை நடத்திப் பார்ப்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. ஹெச்.ஜி.வெல்ஸ் என்ற பிரபல எழுத்தாளர் 1913-லேயே இந்த விளையாட்டுக்கு விதிமுறை எழுதிப் புத்தகம் போட்டிருக்கிறார். நம் கொலுவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, வயிற்று வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

போலீஸ் பேண்டு செட் என்றால் எல்லோருக்கும் ஒரே உடுப்பு. வரிசையாக நிறுத்திக் காக்கியை அடித்துவிடலாம். இந்தக் கூலிப்படைக்குச் சீருடை கிடையாது. ஒரு கால் சிவப்பு, ஒரு கால் மஞ்சள். சட்டையைக் கீறிவிட்டு, அந்தக் கீறல் வழியே உள்ளே இருக்கிற வேறு நிறத் துணியை வெளியே பிதுக்கிவிடுவதுதான் அவர்கள் காலத்து பேஷன்! கட்டைவிரல் அளவு பொம்மைக்குப் பத்து நிறம். ஒவ்வொரு கோடும் மயிரிழை.

மயிரிழைக் கோடு போட பிரஷ் நுனி ஊசி மாதிரி இருக்க வேண்டும். அதற்கு வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா?

எனக்குக் காட்டுவதற்காகத் தட்டுத்தடுமாறி எழுந்து வந்தார். ஒரு சிப்பாயை எடுத்தார். பிரஷை மஞ்சளில் தோய்த்தார். உதட்டுக்குள் வைத்து ஒரு சுழற்று. நுனி கூராயிற்று. கோடு போட்டார். மறுபடி உதடு. மறுபடி கோடு.

எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் அந்தப் பழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "நுனி கூராகணுமா? நாக்குல வச்சு எடுடா" என்று வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் சொன்னவர்.

"சார், வாயைத் திறங்க" என்றேன். கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். பல்லும் ஈறும் சேருமிடத்தில் நீலம் கலந்த கறுப்பு நிறத்தில் மெல்லிய கோடு. மூன்று வாரமாக நாக்கைப் பார்த்த நான், ஈறைப் பார்க்கவில்லை. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வும் படித்தவன்தான். கோட்டை விட்டது கோட்டை விட்டதுதான்.

அந்தக் கோடு, உடம்பில் ஈயம் ஏறியிருப்பதற்கு அடையாளம்.

ஈயம் எங்கிருந்து வந்தது?

மேஜையைப் பார்க்கப் பார்க்கப் புரிந்தது. ஒரு வழி அல்ல, நாலு வழி.

முதலாவது, அந்தச் சிப்பாய்களே ஈயம். இப்போது வரும் குட்டிப் பொம்மைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், அல்லது ஈயம் சேராத வெள்ளீயக் கலவை. பழைய வார்ப்புகளில் காரீயம் தாராளமாக இருக்கும். வாத்தியார் அதன் பிசிறுகளை அரத்தால் ராவியிருக்கிறார். சில பொம்மைகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதுவும் ஈய உப்புதான். அதை ஊதி ஊதித் துடைத்திருக்கிறார்!

இரண்டாவது, மஞ்சளும் ஆரஞ்சும். பொட்டலத்தில் வாங்கின நிறப்பொடியைப் பசையில் குழைத்துத் தீட்டியிருக்கிறார். பளீர் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பது பழைய வழக்கம்.

மூன்றாவது, ஊரார் கொடுத்த பழைய கொலுப் பொம்மைகள். அதன்மேல் இருந்த எத்தனையோ வருஷத்து எனாமல் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதுவும் ஆடிக் காற்றில், திண்ணையில்.

நான்காவது, கை கழுவாதது. எங்கள் வறண்ட பூமியில் தண்ணீரின் அருமை தெரிந்தவர். "ஒரு செம்புத் தண்ணிய எதுக்கு வீணாக்கணும்?" என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

யோசித்துக்கொண்டே திரும்பினேன். திண்ணைக்குக் கீழே, அந்தப் புழுதியில் உட்கார்ந்து, உடைந்த ஈட்டிக்காரன் ஒருவனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான் ஆறு வயசுப் பேரன். ஈட்டி முனை வாயில் இருந்தது.

தாத்தாவுக்கு 54, பேரனுக்கு 16

இரண்டு பேரையும் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பி வைத்தேன். ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்கத் தனி டெஸ்ட் இருக்கிறது. தாத்தாவுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 54 மைக்ரோகிராம். பேரனுக்கு 16.

'பையனுக்குக் குறைச்சல்தானே' என்று நினைத்துவிடாதீர்கள். 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது. வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு எலும்புக்குள் புகுந்து வருஷக்கணக்கில் தங்கும். ரத்தம் ஊறுவதைத் தடுக்கும். வளரும் மூளையைத் தொடும். இத்தனையும் நடக்கும்போது பிள்ளை வெளிப்பார்வைக்கு ஜம்மென்று ஓடியாடிக்கொண்டிருக்கும். அதுதான் பயங்கரம்.

தாத்தாவுக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். பேரனுக்கு அந்த மருந்து தேவைப்படவில்லை. ஈயம் வரும் வழியை அடைத்து, இரும்புச் சத்து கொடுத்து, அவ்வப்போது டெஸ்ட் செய்யச் சொன்னார்கள்.

அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணே, இதனால இவன் படிப்பு பாதிக்குமா?"

'ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "இனிமே ஏறாம பாத்துக்கணும்மா. நல்லா சாப்பிடணும். அவன் கூட உக்காந்து தினமும் பேசுங்க, படிங்க. ஏதாவது பின்தங்குற மாதிரி தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்றேன். அதற்கு மேல் நேர்மையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நிறமும் நஞ்சும் ஒரே பெட்டியில்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்தபோது 64 பாடாணங்களை மனப்பாடம் செய்தோம். பிறவிப் பாடாணம் 32, வைப்புப் பாடாணம் 32. பாடாணம் என்றாலே நஞ்சு. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஓவியரின் வர்ணப் பெட்டி மாதிரியே இருக்கும்! சிவப்புக்கு இலிங்கம், அது பாதரசம். மஞ்சளுக்கு அரிதாரம், ஆரஞ்சுச் சிவப்புக்கு மனோசிலை, இரண்டும் ஆர்சனிக். நாடகக்காரர்கள் முகத்துக்கு 'அரிதாரம் பூசுவது' என்கிறோமே, அந்தச் சொல் இந்த மஞ்சள் பாடாணத்தின் பெயர்தான். ஈயத்தைச் சுட்டு எடுக்கும் செந்தூர நிறமும் உண்டு. அழகான நிறம் பலவும் நஞ்சுள்ள தாதுவிலிருந்து வந்தவை என்பது நம் முன்னோருக்குத் தெரியும். அதனால்தான் சுத்தி செய்யாமல் தொடாதே என்று எழுதி வைத்தார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். கூலிப்படைகள் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே 16-ம் நூற்றாண்டில் ஃபெர்னெல் என்ற பிரெஞ்சு வைத்தியரிடம் ஓர் ஓவியர் வந்தார். விரல்களில் நடுக்கம், பிறகு கை விளங்கவில்லை, கடைசியில் தாங்க முடியாத வயிற்று வலி. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. விசாரித்தால், பிரஷை விரலால் பிழிந்துவிட்டு வாயில் வைத்துச் சப்பும் பழக்கம்! இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700-ல் வெளியிட்ட நூலில் ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது இதைக் குறிப்பிடுகிறார்.

அப்புறமாவது உலகம் திருந்தியதா? அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1917 முதல் இளம்பெண்கள் கடிகார முகப்பில் இருட்டில் ஒளிரும் ரேடியம் கலந்த பெயின்டால் எண்கள் எழுதினார்கள். பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித்தான் வேலையே கற்றுக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்து, ரத்தம் கெட்டுப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு 1928-ல் நஷ்டஈடு பெற்றார்கள். நஞ்சுதான் வேறு. பழக்கம் அதேதான்!

இப்போது கடையில் கிடைக்கும் பெயின்ட்?

நம் நாட்டில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலாகியிருக்கிறது. டப்பாவில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். ஆனால் தொழிற்சாலை உபயோகப் பெயின்ட்டுக்கு இந்த விதி பொருந்தாது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்கும், உங்கள் பாட்டி காலத்துப் பொம்மை மேல் ஏற்கெனவே இருக்கும் பெயின்ட்டுக்கும் விதி தெரியாது!

அதற்காகத் தீட்டாமல் இருக்கலாமா?

வாத்தியாரின் மகள் கோபத்தில் பிரஷ் எல்லாவற்றையும் தூக்கி எறியப் போனார். நான்தான் தடுத்தேன். மனைவி போன பிறகு மூன்று வருஷம் அவரை எழுப்பி உட்கார வைத்தது அந்த மேஜைதான். கை நடுங்காமல் ஒரு கோடு போட மூச்சு சீராக வேண்டும், மனசு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வயதானவர்களுக்கும், எந்நேரமும் செல்போனில் கிடக்கிற பிள்ளைகளுக்கும் இது அருமையான பயிற்சி. முறையை மாற்றினால் போதும்.

1. பிரஷ் உதட்டுக்கோ நாக்குக்கோ போகவே கூடாது. ஈரமான பருத்தித் துணியை நாலாக மடித்துப் பக்கத்தில் வையுங்கள். அதன்மேல் பிரஷைச் சாய்த்து ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்தால் நுனி கூராகிவிடும்.

2. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் நல்லது. ஈயம் சேர்க்காதது என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். அதுவும் சாப்பிடும் பொருள் அல்ல. காட்மியம் என்று பெயர் போட்ட சிவப்பு, மஞ்சள் குழந்தைகள் கையில் வேண்டாம். பொட்டலப் பொடி வேண்டவே வேண்டாம்.

3. பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தூசிதான் முதல் எதிரி. உரியாத பெயின்ட் என்றால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அதன்மேலேயே தீட்டலாம். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் உப்புத்தாளுக்குப் பதில் தண்ணீரில் நனைக்கக்கூடிய எமரி பேப்பரால், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்தில். கீழே விரித்த பேப்பரை அப்படியே மடித்து அப்புறப்படுத்துங்கள். விளக்குமாறு போடாமல் ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள்.

4. பழைய ஈயப் பொம்மைகளை ராவாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாமல் கண்ணாடி அலமாரியில் வையுங்கள்.

5. மேஜையில் காபி, முறுக்கு, வெற்றிலை எதுவும் கூடாது. காபி டம்ளரில் பிரஷை முக்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமே!

6. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர்ப் பஞ்சமான ஊர்தான். ஆனாலும் இந்த ஒரு செம்பில் சிக்கனம் வேண்டாம்.

7. எனாமலும் தின்னரும் உபயோகித்தால் காற்றோட்டமான இடத்தில், சமையல் அடுப்புக்குத் தள்ளி.

8. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தித் தூரத்தில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு.

சாப்பாடும் காவல் நிற்கும்

வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும். இரும்பும் சுண்ணாம்பும் குறைந்த உடம்பில் இன்னும் சுலபமாக ஏறும். கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, எள்ளு, பால், நெல்லிக்காய், கொய்யா... எல்லாம் நம் ஊரில் கிடைப்பவைதான். ஆனால் ஏற்கெனவே ஏறிய ஈயத்தைக் கீரை இறக்கிவிடும் என்று நினைத்து டெஸ்ட் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஒரு சித்த வைத்தியனாக இதையும் சொல்ல வேண்டியது என் கடமை. நம் மருத்துவத்திலும் கருவங்கம் என்கிற காரீயம் உண்டு. முறை தவறிச் செய்த பற்பத்தையும் செந்தூரத்தையும் சாப்பிட்டு ரத்தத்தில் ஈயம் ஏறியவர்களும் உண்டு. 'விஷத்தை விஷத்தாலே முறிச்சுருவேன்' என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். விடாத வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை, வாயில் உலோக ருசி, கை மணிக்கட்டு தொய்வது, பிள்ளைகளுக்குப் படிப்பில் திடீர் மந்தம்... இவற்றோடு வீட்டில் பெயின்ட் வேலையும் இருந்தால், எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். எங்களுக்கும் கேட்கத் தோன்றாமல் போகலாம். எனக்குத் தோன்றவில்லையே!

ஒரு வருஷம் ஓடிவிட்டது. வாத்தியாருக்கு 54, இப்போது 20-க்கு வந்திருக்கிறது. வயிற்று வலி இல்லை. பேரனுக்கு 16-லிருந்து 6. இன்னும் இறங்க வேண்டும். அடுத்த டெஸ்ட் ஐப்பசியில். பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தான் படிக்கிறான். இருந்தாலும் அவன் அம்மா ஒவ்வொரு மார்க் ஷீட்டையும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கிறார்.

போன வாரம் போயிருந்தேன். ஈயக் கூலிப்படை கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. மகன் புதிதாக அனுப்பிய பிளாஸ்டிக் கூலிப்படை மேஜையில். பேரன் தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வாத்தியார் பிரஷை மஞ்சளில் தோய்த்தார். அறுபது வருஷப் பழக்கம், கை தானாக வாய்ப் பக்கம் போயிற்று.

"தாத்தா... துணி!" என்றான் பேரன்.

கை இறங்கி, ஈரத் துணிக்கு வந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரல் இருக்கட்டும். இந்த வருஷக் கொலு நன்றாக அமையட்டும்!